முழுகிவிட்டு எடுத்த படம்

நான் வழுக்கி விழுந்ததற்கு நண்டைக் குறை சொல்ல முடியாது. விழுத்தியது ஐஸ். எங்கள் கரையில் நண்டு வாங்கி, நிறுத்து, பெட்டியில் அடுக்கி லொறியில் ஏற்றும் கொட்டில் ஒன்று இருக்கிறது. தராசடியில் நிற்பது என் வேலை. அன்று ஐஸ் உடைத்தவர் தரையில் சிந்தியதைக் கூட்டவில்லை. நான் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், இடுப்பு சீமெந்தில் மோத விழுந்தேன். பெட்டிக்குள் இருந்த நண்டுகள் நாலு பக்கமும் ஓட, எல்லாரும் முதலில் நண்டைத்தான் பிடித்தார்கள். அதில் எனக்குக் கோபமில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். நான் எங்கேயும் ஓடப்போவதில்லையே.

இரண்டு நாள் நொண்டிக்கொண்டு திரிந்தேன். பிறகு ஒரு நாள் காலமை கட்டிலால் இறங்க முடியவில்லை. மாமி, அதாவது கணவரின் தாய், என்னைப் பிடித்துக்கொண்டுபோய்க் கிணற்றடியில் மரவாங்கில் இருத்தித் தலைக்கு ஊற்றிவிட்டா. பிறகு கணவர் மோட்டார் சைக்கிளில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லமாட்டேன். அங்கே வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் எனக்குச் சொந்தம். மீதிப் பேர் என்னிடம் நண்டு வாங்குகிறார்கள்.

டொக்டர் இடுப்பை அமத்திப் பார்த்தார். நான் கத்தினேன். அவர் எக்ஸ்ரேக்குத் துண்டு எழுதினார். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டார். அது என் வாழ்க்கையில் ஒருநாளும் ஒழுங்காக வந்ததில்லை என்றேன். எனக்குப் பின்னால் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. "படம் எடுக்கிற இடத்தில கேப்பினம், அங்க சொல்லுங்கோ" என்று அடுத்தவரைக் கூப்பிட்டார்.

இந்த இடத்தில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் ஒருத்தி பிள்ளைத்தாய்ச்சி என்பதை நேரே சொல்வது குறைவு. "அவ முழுகாமல் இருக்கிறா" என்போம். மாதவிடாய் வந்து முடிந்தால் பெண்கள் தலைக்கு முழுகுவார்கள். அது வராவிட்டால் அந்த முழுக்கும் இல்லை. அவ்வளவுதான் கணக்கு. கர்ப்பிணி என்ற சொல் சுவரில் ஒட்டும் நோட்டீசுக்கு மட்டும் உரியது. ஆனால் முழுகுவது என்றால் சும்மா தலைக்குக் குளிப்பதும்தான். என் கணவர்கூட ஒவ்வொரு சனிக்கிழமையும் முழுகுவார்.

எக்ஸ்ரே அறையில் இருந்தவர் தெற்கில் இருந்து மாற்றலாகி வந்த சிங்கள இளைஞர். அவருடைய தமிழ் முழுக்க ஆஸ்பத்திரிக்குள் வந்து படித்த தமிழ். "நீங்கள் கர்ப்பிணியா" என்று கேட்டால் எங்கள் பெண்கள் வெட்கப்பட்டுச் சுவரைப் பார்க்கிறார்களாம். ஆகவே அங்கே வேலை செய்யும் ஊர்ப் பெண் ஒருத்தி, அப்படிக் கேட்காதையுங்கோ, முழுகியாச்சா என்று கேளுங்கோ, ஓம் என்றால் பயமில்லை என்று சொல்லிக்கொடுத்திருக்கிறாள். நல்ல மனதோடுதான். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. கர்ப்பிணிகள் முன்கூட்டியே அறிவிக்கவேண்டும் என்று மூன்று மொழியிலும் எழுதிய நோட்டீஸ் ஒன்றும் அங்கே இருந்தது. அது கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்தது. கதவு எப்போதும் திறந்தே இருந்தது.

என்னுடைய பக்கத்தையும் சொல்லவேண்டும். நண்டுக் கொட்டிலில் வேலை செய்கிறவளுக்கு ஒரு மணம் உண்டு. எந்தச் சவர்க்காரமும் அதை முழுதாக எடுக்காது. பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட் பெரும்பாலும் காலியாகத்தான் வரும். அதை நான் மரியாதை என்று எடுத்துக்கொள்வேன். ஆனாலும் இந்த விஷயத்தில் என் மூக்கு நுனியில் ஒரு கோபம் எப்போதும் ஆயத்தமாக இருக்கும். அப்படியிருக்க, மேசையில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு அந்த இளைஞர் கேட்டார்:

"அக்கா, முழுகிட்டீங்களா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"காலமை முழுகிப்போட்டுத்தான் வந்தனான். ஏன், மணக்குதோ?"

"முழுகிட்டீங்க?"

"ஓம் எண்டுறன்."

"நல்லம், நல்லம்" என்று துண்டில் ஏதோ எழுதினார். மணக்குதோ என்ற கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. அசையவேண்டாம், மூச்சைப் பிடியுங்கள் என்றார். நான் கோபத்தில் ஏற்கெனவே மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கிடந்தேன். படம் நன்றாக வந்தது. எலும்பில் வெடிப்பு இல்லை, கண்டல்தான், ஓய்வு எடுக்கச் சொன்னார்கள். படத்தை மண்ணிற உறையில் போட்டுத் தந்தார்கள். அதை அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டு மறந்துபோனேன்.

மூன்று நான்கு கிழமைக்குப் பிறகு எனக்குச் சோறு வேகும் மணம் பிடிக்காமல் போனது. நண்டு மணம் ஒன்றும் செய்யவில்லை, சோறுதான். நாங்கள் கலியாணம் கட்டி ஒன்பது வருடம். மடு மாதாவுக்கு வைக்காத நேர்த்தி இல்லை. கொழும்பில் பார்க்காத டொக்டர் இல்லை. "இன்னும் ஒண்டும் இல்லையோ" என்று கேட்கிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் பல பதில்கள் இருந்தன. சிலதைப் பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று சொல்ல முடியாது. ஆகவே நான் எதையும் நம்பிக்கொண்டு போகவில்லை. எங்கள் பகுதிக்குப் பொறுப்பான குடும்பநல உத்தியோகத்தரிடம் போனேன். மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். அவ சோதித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தா. எனக்குச் சிரிக்கத் தெரியவில்லை. நான் அழுதேன். கொஞ்சநேரம் நல்லாக அழுதேன். சந்தோசம் அப்படித்தான் வந்தது. வேறு மாதிரி வரும் என்று நினைத்திருந்தேன்.

பிறகு மிஸ் பேனையை எடுத்துக்கொண்டு கேட்டா:

"கடைசியா எப்ப முழுகினனீங்கள்?"

இன்றைக்குக் காலமை என்று சொல்ல வாய் திறந்தேன். அப்படியே நின்றுவிட்டேன். அந்த மேசையும் அந்த இளைஞரின் முகமும் "நல்லம், நல்லம்" என்ற சொல்லும் ஒன்றாக வந்தன. அவர் என் மணத்தைக் கேட்கவில்லை. என் வயிற்றைக் கேட்டிருக்கிறார்.

"மிஸ், எனக்கு இடுப்பில எக்ஸ்ரே எடுத்தவை" என்றேன்.

மிஸ்ஸின் பேனை நின்றது. அவ உடனே ஒன்றும் பயமில்லை, ஆனால் பெரிய டொக்டரிடம் காட்டிக் கேட்போம், கிளினிக்குக்கு ஒரு நாள் எடுத்துத் தருகிறேன் என்றா. எனக்கு அந்தப் பேனை நின்றது மட்டும்தான் மனதில் நின்றது.

வீட்டில் சொன்னேன். கணவர் வலையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். மாமி அலுமாரிக்கு மேலிருந்த உறையை எடுத்துப் படத்தை உருவினா.

"அப்ப இதில பிள்ளை விழுந்திருக்கும்தானே?"

"மாமி, அது எலும்பு பாக்கிற படம்."

"பிள்ளைக்கு எலும்பு இல்லையோ?"

யன்னலில் வெளிச்சம் வரும் பக்கமாகப் படத்தைப் பிடித்தா. என் இடுப்பு முழுவதும், ஊருக்குத் தெரியும்படி, யன்னலில் நின்றது. றோட்டால் போனவர் ஒருவர் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார். மாமி விரலை ஒவ்வொரு எலும்பாக நகர்த்தி, நடுவில் ஒரு கறுப்பு வட்டத்தில் நிறுத்தினா. "இந்தா இருக்கு. உன்ர மனுசன்ர தலை மாதிரியே இருக்கு" என்றா. நானும் பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் நானும் பார்த்தேன். எனக்கும் அது ஒரு தலை மாதிரித்தான் தெரிந்தது. அதற்குள்ளால் அந்தக் கதிர் போயிருக்கிறது என்று நினைத்தபோது ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டேன்.

கணவரின் அக்கா கனடாவில் இருக்கிறா. அவவுக்குச் செய்தி போக ஒரு மணித்தியாலமும் எடுக்கவில்லை. மச்சாள் எதையும் வட்ஸ்அப்பில் குரலாகத்தான் அனுப்புவா. அதையும் கணவரின் போனுக்கு அனுப்புவா. அவர் அதை வீடு முழுக்கக் கேட்கப் போடுவார். ஒன்றில், எக்ஸ்ரே பட்ட பிள்ளைகளைப் பற்றி எங்கேயோ வாசித்த எல்லாவற்றையும் சொன்னா. இன்னொன்றில், "இஞ்ச எண்டா உடன கருவை எடுத்துப்போடுவினம். இன்னும் நாள் போகேல்ல. யோசியுங்கோ. பிறகு வாழ்நாள் முழுக்கப் பாக்கவேணும்" என்றா. அங்கே அப்படி ஒன்றும் செய்வதில்லை என்று எனக்கு அப்போது தெரியாது. கனடாவில் இருக்கிறவர்களுக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணம் எங்கள் வீட்டில் இருந்தது. காசு அனுப்புகிறவர்கள் பொய் சொல்லமாட்டார்கள் என்பது மாமியின் நம்பிக்கை. ஆனால் இந்தச் செய்தி முடிந்ததும் மாமி எழும்பி, "அவளுக்கு அங்க குளிர், மூளை விறைச்சுப் போச்சு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனா. கணவர் போனைப் பார்த்தபடி இருந்தார்.

அந்தக் கிழமை முழுக்க எனக்குப் பயம். வேறு சொல் தேடத் தேவையில்லை, பயம்தான். அந்தப் பிள்ளை எனக்கு வேண்டும். ஒன்பது வருடமாக வேண்டும். வேண்டாம் என்றால் இவ்வளவு பயம் வந்திருக்காது. இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு படுத்தேன், நடந்து முடிந்த ஒன்றை மறிக்கிற மாதிரி. நான் பெற்று, அது காலம் முழுக்க வேதனைப்பட்டால், அதற்கு நான்தானே பதில் சொல்லவேண்டும் என்ற நினைப்பு விடவில்லை. கருவைக் கலைப்பது பாவம் என்று எனக்குத் தெரியும். சட்டமும் விடாது. அப்படியிருந்தும் அதற்கு மருந்து எடுக்கலாம், ஆளைத் தெரிந்தால் போதும் என்பதும் எங்கள் கரையில் எல்லாருக்கும் தெரியும். யாரும் தெரியும் என்று சொல்லமாட்டார்கள்.

ஒரு வியாழக்கிழமை முடிவெடுத்தேன். கணவர் பின்னேரம் கடலால் வந்ததும், எங்கேயாவது அந்த மருந்தை எடுத்துத் தாருங்கோ என்று கேட்பது. கேட்கவேண்டிய வசனத்தைக்கூட ஆயத்தப்படுத்தி வைத்துக்கொண்டு கரையில் போய் நின்றேன். சோளகக் காற்று மணலை அள்ளி முகத்தில் அடித்தது. மற்றப் போட்டுகள் எல்லாம் வந்தன, அவருடையது வரவில்லை. எஞ்சின் பழுது, வேறொரு போட் கட்டி இழுத்துக்கொண்டு வருகிறது, நாளைக்குத்தான் வந்து சேரும் என்று போனில் செய்தி வந்தது. மறுநாள் காலமை மிஸ் ஸ்கூட்டரில் வந்து, நாளைக்கே கிளினிக், படத்தையும் கொண்டு வாங்கோ, அவரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ என்றா. அவர் மத்தியானம் வந்து சேர்ந்தபோது அந்த வசனத்தை நான் எடுக்கவில்லை. கிளினிக் என்று மட்டும் சொன்னேன்.

பெரிய டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண்மணி. மெதுவாகக் கதைப்பவர். படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார்.

"எத்தினை படம் எடுத்தவை?"

"ஒண்டு."

"பிறகு வேற எங்கயும் எக்ஸ்ரே, சிடி ஸ்கான்?"

"இல்லை."

அவர் போன் எடுத்துக் கீழே எக்ஸ்ரே அறையோடு கதைத்தார். அந்த இளைஞர் படம் எடுத்த விவரங்களோடு மேலே ஓடிவந்தார். என்னைக் கண்டதும் அடையாளம் கண்டுவிட்டார். நான் கோபிப்பதற்கு முழு ஆயத்தத்தோடு வந்திருந்தேன். ஆனால் அவருடைய முகம் என் முகத்தைவிட வெளிறியிருந்தது.

"நான் கேட்டேன் டொக்டர். அக்கா முழுகிட்டேன் சொன்னாங்க."

"முழுகினனான்தான்" என்றேன்.

டொக்டர் என் பக்கம் திரும்பினார். "எதில முழுகினனீங்கள்?"

"கிணத்துத் தண்ணியில."

டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது துப்பரவாகத்தான் இருந்தது. சிரிக்காமல் இருப்பதற்கு அவர் பட்ட பாட்டை நான் பார்த்தேன். அதற்காக அவரை எனக்குப் பிடித்துப்போனது. பிறகு இருவரும் அந்த விவரங்களை வைத்துக் கணக்குப் பார்த்தார்கள். நான் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

"வடிவாக் கேளுங்கோ" என்றார் டொக்டர். "பிள்ளைக்குக் கதிர் போகேல்ல எண்டு நான் சொல்லமாட்டன். இடுப்புப் படம், கொஞ்சம் போயிருக்கும். ஆனா ஒரு பிள்ளைக்குக் கெடுதல் வாற அளவுக்கு அது கிட்டவும் வராது. பல மடங்கு குறைவு. எந்த வயித்துப் பிள்ளைக்கும் ஒரு குறையும் வராது எண்டு ஆரும் எழுதித் தரேலாது, படம் எடுத்தாலும் எடுக்காட்டாலும். அந்தப் பயம் எல்லாத் தாய்க்கும் உள்ளது. இந்தப் படம் அதைக் கூட்டேல்ல. இதுக்காகப் பிள்ளையைக் கலைக்கிறதுக்கு ஒரு காரணமும் இல்லை."

கேட்கும் முறை பிழைதான், அதை மாற்றுவோம், இனிமேல் கடைசி மாதவிடாய்த் திகதியைக் கேட்கவேண்டும், சந்தேகமாக இருந்தால் சோதித்துப் பார்க்கவேண்டும் என்று இளைஞரிடம் சிங்களத்திலும் என்னிடம் தமிழிலும் சொன்னார். இன்னொன்றும் சொன்னார்: "இதைப் பிடிச்சுக்கொண்டு நாளைக்கு உண்மையாத் தேவைப்படேக்க எக்ஸ்ரே வேண்டாம் எண்டு நிக்காதையுங்கோ. முழுகாமல் இருக்கிறன் எண்டு சொல்லுங்கோ, அது போதும். தேவையெண்டா அதுக்கேத்த மாதிரிப் பாத்து எடுப்பம். தாய் நல்லா இருந்தாத்தான் பிள்ளை."

மாமி காட்டிய கறுப்பு வட்டத்தைப் பற்றியும் கேட்டேன். குடலில் இருக்கும் வாயு என்றார். இதை நான் மாமியிடம் சொல்லவில்லை. அவ அதற்கு ஏற்கெனவே பெயர் பார்த்துவிட்டிருந்தா.

இப்போது ஒரு ஸ்கான் பார்ப்போம் என்று டொக்டர் எழும்பினார். நான் கதிரையை விட்டு அசையவில்லை. திரும்பவும் படமா என்றேன். இது கதிர் இல்லை, சத்தம், காதுக்குக் கேட்காத சத்தம் போய்ப் பட்டுத் திரும்பி வருவது என்றார். பக்கத்தில் நின்ற கணவர், "போட்டில ஆழம் பாக்கிற மெசின் மாதிரியோ?" என்று கேட்டார். கிட்டத்தட்ட அதுதான் என்றார் டொக்டர். கணவர் தலையை ஆட்டினார். அவருக்கு அது விளங்கியது. ஆனால் அவர் கதிரையில் இருக்கவில்லை. நின்றபடியே சேட்டுப் பொக்கற்றுக்குள் கைவிட்டு, பொலித்தீனில் சுற்றிய சின்னப் பொட்டலம் ஒன்றை எடுத்து டொக்டரின் மேசையில் வைத்தார்.

"அப்ப இது தேவையில்லைத்தானே?"

டொக்டர் பிரித்துப் பார்த்தார். மாத்திரை. எங்கே எடுத்தது என்று கேட்டார். கணவர் நிலத்தைப் பார்த்தார். டொக்டர் அதை எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டிவிட்டு, "தேவையில்லை" என்று மட்டும் சொன்னார். இது எத்தனை நாளாக இவருடைய நெஞ்சுக்கு நேரே இருந்தது? நனையக்கூடாது என்று பொலித்தீன் சுற்றியிருந்தது. அப்படியென்றால் கடலுக்கும் கொண்டுபோயிருக்கிறார்.

ஸ்கான் பார்த்தேன். வயதுக்கேற்ற வளர்த்தி, துடிப்பு இருக்கிறது என்றார்கள். எனக்கு அந்த நேரம் எதையும் முழுதாகச் சந்தோசப்பட முடியவில்லை. வீட்டுக்குப் போகும்போது மோட்டார் சைக்கிளில் அவரைப் பிடிக்காமல் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் தேவையானதை மட்டும் கதைத்தோம். அவர் கொண்டுவந்து தந்த மாங்காயைத் தின்றேன், ஆனால் நல்லாக இருக்கிறது என்று சொல்லவில்லை. என் பிள்ளையைக் கொல்ல மருந்து வைத்திருந்த மனிசன் என்று மனதுக்குள் அவரை ஏசினேன். நாளுக்குப் பல தடவை ஏசினேன்.

மகள் வாடைக் காற்றுக் காலத்தில் பிறந்தாள். ஒரு குறையும் இல்லை. மாமி துணியை விலக்கித் தலையில் இருந்து கால் வரைக்கும் பார்த்தா, திருப்பிப் போட்டும் பார்த்தா. மருத்துவத் தாதி பிள்ளைக்குக் குளிர்ப்பிடிக்கும் என்று ஏசும்வரை பார்த்தா. மச்சாள் கனடாவில் இருந்து, தான் அப்போதே ஒன்றும் வராது என்று சொன்னதாகக் குரல் அனுப்பினா.

கணவர் வார்ட்டுக்கு வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு கட்டில் ஓரத்தில் இருந்தார். முழங்கை இரண்டையும் விறைப்பாக வைத்துக்கொண்டு, மூச்சும் விடாமல் இருந்தார். அப்போதுதான் கேட்டேன்.

"அதை ஏன் வாங்கினீங்கள்?"

அவருக்கு எதை என்று கேட்கத் தேவை இருக்கவில்லை.

"நீ கேட்டா இல்லையெண்டு சொல்லக்கூடாதெண்டு வாங்கினனான். உன்ர உடம்பு, நீதானே சுமக்கிறாய்" என்றார். "கேட்டிடக்கூடாது எண்டுதான் ஒவ்வொரு நாளும் கடலுக்குப் போனனான். கரைக்கு வாறதுக்கே பயமாக் கிடந்தது. நீ ஒருநாளும் கேக்கேல்ல."

அவர் அழுதார். நானும் அழுதேன். அவர் கையின் மேலே என் கையை வைத்தேன். ஒருநாள் கேட்பதற்குக் கரையில் நின்றேன் என்று நான் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. சொன்னால் உடைந்துபோவார். இதை எழுதுவதால் ஆபத்து ஒன்றும் இல்லை, அவர் வாசிப்பது காலநிலை அறிவித்தல் மட்டும்தான். மகள்தான் இந்த வருடம் எழுத்துக் கூட்டி, கையில் அகப்படும் எல்லாவற்றையும் வாசிக்கத் தொடங்கியிருக்கிறாள்.